செம்ப்ரா களைக்கொல்லி: கோரைக்கு நல்ல மருந்துதான், ஆனால் அடுத்த வெள்ளாமையை முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்காச்சோளத்திலோ கரும்பிலோ கோரை மண்டிக் கிடக்கிறது, களை எடுத்து எடுத்துக் கை ஓய்ந்துவிட்டது என்றால் தானுகா கம்பெனியின் செம்ப்ரா வாங்கலாம், கொடுக்கிற காசுக்கு வேலை செய்கிறது. ஆனால் அதே காட்டில் அடுத்த பட்டத்தில் சின்ன வெங்காயம் வைக்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம், கடைக்காரர் என்ன சொன்னாலும் வேண்டாம். அவசரமாக இருக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மருந்தை எந்தப் பயிரில் அடிப்பது, அதற்குப் பின்னால் எதை விதைப்பது, கோடையில் என்ன செய்வது என்று யோசிக்கிறவர்களுக்குத்தான் மீதி.

எங்களுடையது தாராபுரம் பக்கம், கிணற்றுப் பாசனம், சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள மண். இந்தப் பக்கம் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மாற்றி மாற்றிப் போடுவதுதான் வழக்கம். தண்ணீர் இருக்கிற தோட்டம், தொழு உரம் போட்ட மண், சொட்டு நீர் போகும் பார் என்று நாம் பயிருக்குச் செய்து கொடுக்கிற அத்தனை வசதியையும் கோரையும் சேர்த்து அனுபவிக்கிறது. 1977-இல் உலகத்தின் மோசமான களைகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் கொடுத்தது இதற்குத்தான், அறுகம்புல் கூட அடுத்த இடம்தான். பட்டியல் போட்டவர்கள் யாரும் வெங்காயக் காட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோரை பிடுங்கினார்களா என்று தெரியாது, ஆனால் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கோரை ஏன் சாவதில்லை என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. ஒரு கோரைச் செடியைப் பிடுங்காமல், சுற்றிலும் ஒரு முழம் விட்டு மண்வெட்டியால் ஒரு கட்டியாகப் பெயர்த்தெடுங்கள். பக்கெட் தண்ணீரில் அந்தக் கட்டியைப் போட்டு மண்ணை மெதுவாகக் கரையவிடுங்கள். மேலே தெரியும் பச்சைக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கும், அதிலிருந்து வெள்ளை வேர்த்தண்டு ஒன்று பக்கவாட்டில் ஓடும், அதன் நுனியில் ஒரு கிழங்கு, அந்தக் கிழங்கிலிருந்து இன்னொரு தண்டு, மறுபடி ஒரு கிழங்கு. புதுசு வெளுப்பாக இருக்கும், பழசு கறுத்து, மேலே நார் படர்ந்து, நசுக்கினால் அந்த மருந்து வாசனை அடிக்கும். பெரும்பாலான கிழங்குகள் அரை அடி மண்ணுக்குள்ளேயேதான் இருக்கும், சிலது இன்னும் கீழே போகும். இந்தச் சங்கிலியில் முளைத்து வெளியே நிற்பது ஒன்றோ இரண்டோதான். மீதி எல்லாம் தூங்குகின்றன. முன்னால் இருக்கிற கிழங்கு முளைத்துவிட்டால் பின்னால் இருப்பவற்றை அது அடக்கி வைத்திருக்கும். அந்தச் சங்கிலி அறுந்தால் அடக்கி வைக்க ஆளில்லாமல் ஒவ்வொரு துண்டும் தனித்தனிச் செடியாகக் கிளம்பும்.

அதனால்தான் மண்ணைக் கத்தியால் கொத்திப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் விட்ட காட்டில் பத்து நாளில் பச்சைப் பாய் விரித்தது போலக் கோரை எழும்புகிறது. ரோட்டவேட்டர் கிழங்கைக் கொல்வதில்லை, சங்கிலியை அறுத்துக் காடு முழுக்க இறைத்துவிடுகிறது. மூலையில் திட்டாக இருந்த கோரை இரண்டு வருடத்தில் தோட்டம் பூராவும் பரவியதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம். வாடகை டிராக்டர் என்றால் பக்கத்துக் காட்டுக் கிழங்கும் சேர்ந்து வரும், உள்ளே இறங்குவதற்கு முன் அந்தக் கத்திகளில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடச் சொல்லுங்கள். சங்கடப்படாமல் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், மருந்து வாங்கப் போகும்போது 'களை' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். கோரை புல் இல்லை. தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தட்டுப்படும், புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் புல்லுக்கான குயிசலோபாப் மாதிரி மருந்துகளை வெங்காயத்தில் அடித்துவிட்டு, புல் எல்லாம் காய்ந்தது, கோரை மட்டும் கொழுத்தது என்று புலம்புகிறவர்கள் நிறைய. அந்த மருந்துகளுக்குக் கோரை மேல் வேலையே கிடையாது. மக்காச்சோளம் விதைத்தவுடன் அடிக்கும் அட்ரசினும் அப்படித்தான். மற்ற களைகளை எடுத்துக் கொடுத்து, வெளிச்சமும் தண்ணீரும் முழுக்கக் கோரைக்கே கிடைக்கும்படி செய்துவிடும். வருஷா வருஷம் ஒரே களைக்கொல்லி அடித்துவரும் காடுகளில் வேறு களையே இல்லாமல் கோரை மட்டும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மற்ற களைக்கொல்லிகளைப் பார்த்தால், பாராகுவாட் அடித்தால் மறுநாளே மேலே கருகும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது, ஒரு வாரத்தில் திரும்ப முளைக்கும். தவிர அது உடம்புக்குள் போனால் மாற்று மருந்தே இல்லாத விஷம், வீட்டில் வைத்திருப்பதே எனக்குப் பிடிக்காது. 2,4-டி கோரையின் தலையைச் சுருட்டும், கிழங்கு வரை முழுசாகப் போகாது, காற்றில் பறந்தால் பக்கத்துப் பருத்தியும் தக்காளியும் இலை சுருண்டு போகும். கிளைபோசேட் கிழங்கு வரை போகிற மருந்துதான், ஆனால் நிற்கிற பயிர் மேல் பட்டால் பயிரும் காலி, மேலும் நம் நாட்டில் அதற்குத் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும்தான் பதிவு இருந்தது, 2022-இல் மத்திய அரசு அதையும் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மூலமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. ஆகவே பயிர் நிற்கும்போதே, பயிருக்குச் சேதமில்லாமல், கோரையின் கிழங்கு வரை போகிற மருந்து வேண்டும் என்றால் பெரிதாகத் தேர்வு இல்லை. அந்த இடத்தில்தான் செம்ப்ரா வருகிறது.

உள்ளே இருப்பது ஹாலோசல்ஃப்யூரான் மீதைல் 75 சதவீதம், தண்ணீரில் கலந்து பரவும் குருணை. இலை வழியாகவும் வேர் வழியாகவும் உள்ளே போய், செடி சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை முடக்கிவிடும். அந்த நொதி மனிதனுக்கும் மாட்டுக்கும் கிடையாது. மக்காச்சோளமும் கரும்பும் இந்த மருந்தை உடம்புக்குள்ளேயே சீக்கிரம் சிதைத்துவிடுகின்றன, கோரையால் முடிவதில்லை, அதனால்தான் பயிர் தப்பிக்கிறது. ஏக்கருக்கு 36 கிராம், ஒரு பொட்டலம். கையில் வாங்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். கூடப் போட்டால் கூட வேலை செய்யும் என்று நினைத்து ஒன்றரை மடங்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து போடாதீர்கள். மண்ணில் தங்குகிற அளவு கூடும், அது எவ்வளவு பெரிய தலைவலி என்று கீழே சொல்கிறேன்.

கலக்கும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஏக்கருக்கு 150 லிட்டர் தண்ணீராவது வேண்டும், அதாவது பதினைந்து பதினாறு லிட்டர் டேங்க் பத்து. 36 கிராமைப் பத்து டேங்குக்குக் கரண்டியால் பங்கு போட முடியாது, ஒரு டேங்கில் அதிகமாகவும் ஒன்றில் வெறும் தண்ணீராகவும்தான் போகும். இரண்டு லிட்டர் பாட்டிலில் பொட்டலம் முழுவதையும் போட்டுத் தண்ணீர் நிரப்பி, குருணை முழுசாகக் கரையும் வரை குலுக்கி, டேங்குக்கு 200 மில்லி வீதம் அளந்து ஊற்றினால் சமமாகப் போகும். ஒவ்வொரு முறை ஊற்றுவதற்கு முன்னும் பாட்டிலைக் குலுக்க வேண்டும், அடியில் தங்கும். ஒட்டு திரவம் சேர்த்துக்கொள்ளுங்கள், கோரை இலை வழவழப்பாக மெழுகு பூசினது போல இருப்பதால் மருந்து முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்துவிடும். களைக்கொல்லிக்கு என்று இருக்கிற விசிறி நாசில்தான் வேண்டும், பூச்சி மருந்துக்கு அடிக்கும் கூம்பு நாசில் வேண்டாம். 2018-இலிருந்து மக்காச்சோளத்தில் படைப்புழு பாடாய்ப் படுத்துவதால் ஒரே நடையில் இரண்டையும் அடித்துவிடலாம் என்று புழு மருந்தையும் இதோடு கலக்கச் சொல்கிறார்கள். வேண்டாம். தனித்தனியாக அடியுங்கள், களைக்கொல்லி கோரையின் மேல் விழ வேண்டும், புழு மருந்து குருத்துக்குள் விழ வேண்டும், இரண்டும் வேறு வேறு இடம்.

எப்போது அடிப்பது என்பதுதான் முக்கியம். கோரை மூன்றிலிருந்து ஆறு இலை வரை இருக்கும்போது. அதற்கு முன்னால் அடித்தால் மருந்து ஏறுவதற்கு இலையே இல்லை. அதற்குப் பின்னால் என்றால், முளைத்து மூன்று நான்கு வாரத்திலேயே கோரை புதுக் கிழங்கு வைக்க ஆரம்பித்துவிடும், நாம் மருந்து அடிக்கிற நேரத்தில் அது அடுத்த தலைமுறைக்கு வேண்டியதைக் கீழே சேர்த்து வைத்திருக்கும். பூ எடுத்த கோரையைப் பார்த்த பிறகு கடைக்கு ஓடுவதில் பயனில்லை. மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், வாடி நிற்கிற கோரை எதையும் கீழே இறக்காது. தண்ணீர் பாய்ச்சி, கால் புதையாத பதத்துக்கு வந்ததும் அடித்தால் சரியாக இருக்கும்.

அடித்த பிறகு பொறுமை வேண்டும். பாராகுவாட் பழகினவர்களுக்கு இது பெரிய சோதனை. மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் கோரை அப்படியே நிற்கும், ஏமாந்துவிட்டோம் என்று தோன்றும். வளர்ச்சி நின்றிருப்பதைக் கவனித்தால்தான் தெரியும், நடுக்குருத்து நீளாது. ஒரு வாரம் வாக்கில் நடுவிலிருந்து மஞ்சள் ஏறும், அப்புறம் பழுப்பாகி, மூன்று வாரத்தில் காய்ந்து படுத்துவிடும். இடையில் பொறுக்க முடியாமல் மண்வெட்டி எடுத்துக் கொத்திவிடாதீர்கள், மருந்து கிழங்குக்கு இறங்கிக்கொண்டிருக்கும் வழியை நீங்களே வெட்டியதாகிவிடும். காய்ந்த செடியின் அடியில் தோண்டிப் பார்த்தால் அதோடு ஒட்டியிருந்த கிழங்கு உள்ளே பழுத்து, அழுத்தினால் குழைந்து போகும். அதுதான் இந்த மருந்தின் பெருமை, வேறு எதுவும் நிற்கிற மக்காச்சோளத்துக்குள் இதைச் செய்து எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. மக்காச்சோளத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

சரி, எது செய்யாது? தூங்குகிற கிழங்கை ஒன்றும் செய்யாது. சங்கிலியிலிருந்து அறுந்து தனியாக மண்ணில் கிடக்கும் கிழங்குக்கு மருந்து போய்ச் சேர வழியே இல்லை. அது ஒரு மாதம் கழித்து எழும்பும். 'மருந்து சரியில்லை, திரும்ப வந்துவிட்டது' என்று சொல்கிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான். அறுகம்புல்லை ஒன்றும் செய்யாது. சாதாரணப் புல் வகைகளுக்கும் இதை நம்ப முடியாது. ஊடுபயிர் இருந்தால் அடிக்கவே கூடாது, கரும்பு பாரில் உளுந்தும் வெங்காயமும் கொத்தமல்லியும் போட்டிருப்பவர்கள் அந்த வருடம் இதை மறந்துவிடுங்கள். மஞ்சள் போட்டிருக்கிற ஈரோட்டுப் பக்கத்து நண்பர்கள் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். பொட்டலத்தோடு வரும் தாளில் எந்தப் பயிர் பெயர் இருக்கிறதோ அதற்கு மட்டும் அடியுங்கள் என்பதுதான் என் பதில். ஒன்பது மாதம் மண்ணில் நிற்கிற பயிரில் பரிசோதனை செய்து பார்க்கிற அளவுக்கு நம்மிடம் காசு இல்லை.

இப்போது வெங்காயத்துக்கு வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஹாலோசல்ஃப்யூரான் மண்ணில் தங்கும். இந்தக் குடும்பத்து மருந்துகள் அமில மண்ணில் சீக்கிரம் உடையும், காரத்தன்மை உள்ள மண்ணில் மெதுவாகத்தான் உடையும். எங்கள் பக்கம் மண்ணின் பி.எச். எட்டைத் தொடும், அதாவது கார மண், சுண்ணாம்பு மண் வேறு. தண்ணீர் குறைவான வருடத்தில் மண் காய்ந்தே கிடந்தால் இன்னும் மெதுவாகும். அமெரிக்காவில் இதே மருந்துக்குக் கொடுக்கும் லேபிளில் எந்தப் பயிருக்கு எத்தனை மாதம் இடைவெளி என்று அட்டவணையே இருக்கிறது, பருத்திக்கு 4 மாதம், வெங்காயத்துக்கு 18 மாதம். பதினெட்டு! புரட்டாசியில் மக்காச்சோளம் விதைத்து மருந்தடித்து, தையில் அறுத்து, சித்திரையில் வெங்காயம் நடுகிற நம் வழக்கத்தோடு இதை வைத்துப் பாருங்கள். அந்த ஊர் மண்ணும் மழையும் வேறு, நம் வெயில் வேறு, அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்லவில்லை, ஆனால் இவ்வளவு பெரிய எண்ணை ஒரு கம்பெனி சும்மா அச்சடிக்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மக்காச்சோளம் அறுத்த கையோடு வெங்காயம் வைத்தார்கள். மருந்துக்கடையில் கேட்டபோது இரண்டு மாதம் போதும், தாராளமாக நடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வெங்காயம் முளைத்தது, ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது, தாள் வெளுத்து நுனி காய்ந்தது, பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாகக் கொத்தாக நின்றிருந்தது. நோய் என்று நினைத்து மருந்துக்கு மேல் மருந்து அடித்தார்கள். மருந்து அடிக்காமல் விட்டிருந்த வாய்க்கால் ஓரத்துப் பாத்திகளில் மட்டும் வெங்காயம் செழிப்பாக நின்றதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. விதை வெங்காயத்தின் விலை தெரிந்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் வலி புரியும். கடையில் ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார்கள். விற்கிறவர்களே, தயவுசெய்து அடுத்து என்ன பயிர் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சந்தேகம் இருந்தால் எளிமையான ஒரு சோதனை இருக்கிறது. மருந்து அடித்த காட்டில் நாலைந்து இடத்தில் அரை அடி ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து ஒரு தொட்டியில் போடுங்கள். மருந்து படாத வரப்போரத்து மண்ணை இன்னொரு தொட்டியில் போடுங்கள். இரண்டிலும் நடப்போகும் விதையையே ஊன்றி, ஒரே அளவு தண்ணீர் விட்டு, ஒரே வெயிலில் மூன்று வாரம் வையுங்கள். பிறகு பிடுங்கி வேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேர் நீளத்தில் வித்தியாசம் தெரிந்தால் அந்தப் பயிரை அந்தப் பட்டத்தில் போடாதீர்கள்.

அப்போது கோரை நிறைந்த வெங்காயக் காட்டை என்னதான் செய்வது? பயிர்ச் சுழற்சியால்தான் முடியும், மருந்து அதில் ஒரு படி. கோரைக்கு ஆகாதது மூன்று. நிழல், வறட்சி, தேங்கிய தண்ணீர். மண்ணுக்குள் எவ்வளவு பிடிவாதமாக இருக்கிறதோ, நிழலில் அவ்வளவு பலவீனம், வெளிச்சம் குறைந்தால் கிழங்கு வைப்பதே குறைந்துவிடும். வெங்காயம் அதற்கு நேர் எதிர்ப் பயிர், ஊசி மாதிரித் தாள், தரைக்கு நிழலே கிடையாது, வெங்காயம் வைத்துக்கொண்டே இருந்தால் கோரையை நாமே சோறு போட்டு வளர்க்கிறோம் என்று அர்த்தம். பாத்தி மேல் விரிக்கும் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் போட்டால் தப்பிக்கலாம் என்று பார்த்தால், மற்ற களைகள் அடங்கும், கோரையின் முனை ஊசி போல இருப்பதால் ஷீட்டையே குத்திக்கொண்டு வெளியே வரும், தக்காளி போட்டவர்களுக்குத் தெரியும்.

நான் சிபாரிசு செய்யும் வரிசை இது. முதலில் புரட்டாசியில் மக்காச்சோளம், நெருக்கமாக, சந்து விழாமல். அதில் சரியான பருவத்தில் செம்ப்ரா ஒரு முறை. மக்காச்சோளம் இடுப்புக்கு மேல் வளர்ந்து வரிசைகள் மூடிக்கொண்டால் இரண்டாவதாக எழும்பும் கோரை நிழலில் வெளுத்து நிற்கும், அதனால் பெரிதாகக் கிழங்கு வைக்க முடியாது. தையில் அறுவடை. அதற்குப் பின் தண்ணீர் இருக்கிறது என்பதற்காக உடனே ஒன்றை வைக்காமல், மாசி பங்குனியில் சட்டிக் கலப்பையால் ஆழமாக ஒரு உழவு, சித்திரை வெயில் ஏறும்போது கொத்துக் கலப்பையால் குறுக்கே நெடுக்கே. கொத்துக் கலப்பை கிழங்கை நறுக்காது, இழுத்து மேலே போடும். கத்திரி வெயிலில் மேலே கிடக்கும் கிழங்கு சில நாளில் சுருங்கி, சுண்டினால் உள்ளே கிலுகிலுவென்று காய்ந்துவிடும், ஈரம் போன கிழங்கு திரும்ப முளைக்காது. நடுவில் கோடை மழை வந்துவிட்டால் முளைக்கும், முளைத்தவுடன் மறுபடி ஒரு ஓட்டு. இந்தக் கோடை முழுக்கக் காட்டைச் சும்மா போடுவது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பைசா மருந்துச் செலவில்லாமல் இவ்வளவு கிழங்கை வேறு எதுவும் கொல்லாது.

ஆடியில் தீவனச் சோளம். கோ எஃப்.எஸ். 29 மாதிரிப் பலமுறை அறுக்கிற ரகம், விதையைத் தாராளமாகப் போட்டு அடர்த்தியாக. மாடு வைத்திருப்பவர்களுக்கு இதில் நஷ்டமே இல்லை, அறுத்து அறுத்துப் போட்டுக்கொண்டே இருக்கலாம், தரையில் வெயில் படாது. சோளமும் புல் இனம் என்பதால் மக்காச்சோளத்தில் அடித்த மருந்து இதைப் பாதிக்கும் என்ற பயமும் குறைவு. சணப்பும் தட்டைப்பயறும் நிழலுக்கு அருமையான பயிர்கள்தான், மண்ணுக்கும் நல்லது, ஆனால் மருந்து அடித்த முதல் பட்டத்திலேயே பயறு இனத்தை நான் வைக்க மாட்டேன், சோளம் முடிந்த அடுத்த தையில் வைப்பேன். பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிட்டு, தொட்டிச் சோதனை பார்த்து, அதற்கப்புறம் வெங்காயம். கணக்குப் பார்த்தால் மருந்து அடித்ததிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். ஆற்றுப் பாசனம் உள்ள அமராவதி ஓரத்துக்காரர்களுக்கு இன்னும் சுலபம், நடுவில் ஒரு போகம் நெல் வைத்துத் தண்ணீர் கட்டினால் சேற்றில் தோட்டத்துக் கோரை பெரும்பாலும் அடங்கிவிடும். கரும்பு போடுகிறவர்களுக்கு நடவு, வெட்டிய கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும் மறுதாம்பு என்று இரண்டு மூன்று வருடம் ஒரே பயிர் என்பதால் அடுத்த பயிர்க் கவலை கடைசி வருடத்தில்தான், அந்த வருடத்தில் மட்டும் இதை அடிக்காமல் விட்டுவிடுங்கள்.

இப்படிச் செய்தால் கோரை மொத்தமாக ஒழிந்துவிடுமா என்றால் ஒழியாது. ஆனால் கையால் பிடுங்கிச் சமாளிக்கிற அளவுக்கு வந்துவிடும், களையெடுக்கும் ஆட்கள் பாதி நாளில் முடித்துவிட்டுக் கரையேறுகிற நிலைக்கு வரும். ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம்.

வருடா வருடம் மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளம், வருடா வருடம் இதே மருந்து என்று போகலாமே, வெங்காயமே வேண்டாமே என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்து நெல் வயல்களில் நம் கோரையின் உறவுக்காரன் மஞ்சள் கோரை இந்த ஹாலோசல்ஃப்யூரானுக்கே சாகாமல் நிற்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே கதவை மறுபடி மறுபடி தட்டினால் அப்படித்தான் ஆகும். நல்ல மருந்து ஒன்று நம் கையில் இருக்கிறது, அதைப் பத்து வருடம் கழித்தும் வேலை செய்கிற மருந்தாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எடுத்தால் போதும், நடுவில் உழவும் நிழலும் பார்த்துக்கொள்ளட்டும்.

விலை மற்ற களைக்கொல்லிகளை விட அதிகம்தான். பொட்டலத்தில் அச்சடித்த விலையை அப்படியே கொடுக்காதீர்கள், கடைக்குக் கடை வித்தியாசம் இருக்கிறது, இரண்டு கடையில் கேளுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள், அதில் பேட்ச் எண் எழுதச் சொல்லுங்கள், தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் பாருங்கள். பிரித்துச் சில்லறையில் கொடுத்தால் வாங்காதீர்கள். வேறு கம்பெனிகளும் இதே மருந்தை வேறு பெயரில் விற்கின்றன, உள்ளே ஹாலோசல்ஃப்யூரான் மீதைல் 75 சதவீதம் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் சரி. அடிக்கும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, காற்று அடங்கின காலை நேரம்.

காடு முழுக்கக் கோரை இல்லை, அங்கங்கே திட்டாகத்தான் இருக்கிறது என்றால் முழு ஏக்கருக்கும் அடிக்கத் தேவையில்லை. திட்டைச் சுற்றிக் குச்சி நட்டு அந்த இடத்துக்கு மட்டும் அடியுங்கள், திட்டின் நீள அகலத்தை நடந்து அளந்து, ஏக்கர் 100 சென்ட் என்ற கணக்கில் மருந்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். குச்சியை அறுவடைக்குப் பின்னும் பிடுங்காதீர்கள், எந்த இடத்தில் மருந்து விழுந்தது என்று அடுத்த வருடம் வெங்காயம் வைக்கும்போது தெரிய வேண்டும். முடிந்ததும் டேங்க், பைப், நாசில் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவி, கழுவின தண்ணீரை அதே மக்காச்சோளக் காட்டிலேயே ஊற்றுங்கள். கிணற்று மேட்டிலோ வாய்க்காலிலோ வேண்டாம். முடிந்தால் களைக்கொல்லிக்கு என்று ஒரு பழைய டேங்கை ஒதுக்கி, பெயின்ட்டால் குறி போட்டு, வெங்காயத்துக்கு மருந்தடிக்கும் டேங்கிலிருந்து தள்ளி மாட்டி வைத்துவிடுங்கள்.